இடம் மாறிய வட்டுகளும் நூபியா ஹொஹோவாவும்

நூபியா ஹொஹோவா கோபக்காரி என்று அவளோடு வேலை பார்த்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அவள் அதை மறுத்ததே இல்லை. கோபப்படக் காரணமும் இருந்தது.

கொலம்பியாவின் தெற்குக் கோடியில், எரிமலை ஒன்றைக் கவனிப்பதற்காக ஓர் அறக்கட்டளை நடத்திய சிறிய நிலையத்தில் கணினிகள் அவள் பொறுப்பு. மலையின் அதிர்வுகள் வந்து சேரும் லினக்ஸ் இயந்திரத்தில் இரண்டு ரெய்டு தொகுப்புகள். பல வட்டுகளை ஒன்றாகக் கட்டிய பெட்டகங்கள் அவை. ஒன்றில் அன்றாடப் பதிவுகள். பழையதாகிவிட்டால் தானாகவே அழிக்கப்படும். மற்றொன்றில் காலங்காலமாகச் சேர்த்துவைத்த முக்கியப் பதிவுகள். அதில் யாரும் கைவைக்கக் கூடாது.

இயந்திரம் ஒவ்வொரு முறை பூட் ஆகி எழும்போதும் எந்தத் தொகுப்பு முதலில் விழிக்கிறதோ அதற்கு ஒரு பெயர், அடுத்ததற்கு அடுத்த பெயர் என்றுதான் கிடைத்தது. அந்தப் பெயரை நம்பித்தான் மற்ற எல்லாமே நடந்தன.

"டாக்டர், இது ஆபத்து. ஒவ்வொரு தொகுப்புக்குள்ளயும் உண்டான அன்னிக்கே ஒரு அடையாள எண் எழுதியிருக்கு. அது மாறாது. அதை வச்சு எது எதுன்னு இயந்திரத்தையே கண்டுபிடிக்கச் சொல்லிடலாம். ஒரு காலைப்பொழுது இயந்திரத்தை நிறுத்த அனுமதி குடுங்க, போதும்" என்று இயக்குநர் புர்பானோவிடம் கேட்டாள்.

"ஓடிக்கிட்டிருக்கறதை எதுக்கு நோண்டறீங்க?"

கேட்கும்போதெல்லாம் இதே பதில். பக்கத்து மேசை நிலவியலாளர் ஒல்மேதோ சிரித்தார்: "மலைக்கு முன்னாடி நீங்க வெடிச்சிடுவீங்க போல!"

ஒரு மழைக்காலக் காலையில் மின்சாரம் போய் வந்தது. தொகுப்புகள் பெயர் மாறி எழுந்தன. அன்றாடக் குப்பையைத் துடைக்கும் நிரல் பெயரை நம்பி முக்கியப் பெட்டகத்துக்குள் நுழைந்து, பழையதையெல்லாம் கடமையாகத் துடைக்க ஆரம்பித்தது. திரையில் கோப்புகள் மறைவதைப் பார்த்த நூபியா பாய்ந்து நிறுத்தினாள். அதற்குள் பாதி போயிருந்தது.

மதியக் கூட்டத்தில் புர்பானோ தொண்டையைக் கனைத்தார். "இன்ஜினியர் கொஞ்சம் கவனக்குறைவா இருந்துட்டாங்க."

கையிலிருந்த காப்பிக் கோப்பையை நூபியா மேசையில் வைத்த வேகத்தில் காப்பி சிதறியது.

"கவனக்குறைவா? நானா? எத்தனை தடவை உங்க கதவைத் தட்டினேன்? நோண்டாதேன்னது யாரு? சொல்லுங்க டாக்டர், இத்தனை பேரு முன்னாடி சொல்லுங்க!"

மற்றவர்கள் தங்கள் தாள்களைப் புரட்டினார்கள். ஒல்மேதோகூடத் தலையைக் குனிந்துகொண்டார். அதுதான் அவளுக்கு அதிகம் சுட்டது.

ஒரு பல்கலைக்கழகத்துக்கு முன்பே அனுப்பியிருந்த நகலிலிருந்து பெரும்பகுதியை மீட்டாள். மலை கடைசியாகச் சீறிய வாரத்தின் பதிவுகள் மட்டும் அந்த நகலில் இல்லாததால் கிடைக்கவேயில்லை. பிறகு யாரிடமும் அனுமதி கேட்காமல் இயந்திரத்தை நிறுத்தினாள். இரண்டு தொகுப்புகளின் அடையாள எண்களையும் அமைப்புக் கோப்பில் எழுதி, பூட் ஆகும்போதே அவற்றைப் படிக்கும்படி, இயந்திரம் முதன்முதலில் ஏற்றிக்கொள்ளும் தொடக்கப் படிமத்தையும் புதுப்பித்தாள். துடைக்கும் நிரலையும் எண்ணைச் சரிபார்த்த பிறகே வேலை செய்யும்படி மாற்றினாள்.

புர்பானோவை அழைத்து, "மின்கம்பியை நீங்களே பிடுங்குங்க" என்றாள். அவர் தயங்கித் தயங்கிப் பிடுங்கினார். வட்டுகளின் இணைப்புகளை அவள் இடம் மாற்றிச் செருகினாள். மறுபடி மின்சாரம் கொடுத்ததும் இயந்திரம் எழுந்தது; பெட்டகங்கள் அதனதன் பெயரிலேயே இருந்தன.

"நல்லவேளை, நாம இதைச் செஞ்சோம்" என்றார் அவர்.

"நாமளா?" என்று கேட்டுவிட்டு நூபியா பதிலுக்கு நிற்காமல் வெளியேறினாள். அடுத்த மாதமே நகராட்சித் தண்ணீர் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அங்கேயும் அவளைக் கோபக்காரி என்றுதான் சொல்கிறார்கள்.