முட்டை விழும் வேகம்

டோனி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பென்சில் அழிக்கும் ரப்பரால் ஒரு மெமரித் தகட்டின் பற்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் தேய்ப்பார், ஊதுவார், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், மறுபக்கம் திருப்புவார். அவர் தங்கை ரோசி சரியாகச் சாப்பிட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. அவள் சாப்பிட வேண்டுமென்றால் அந்தக் கம்ப்யூட்டர் ஓட வேண்டும்.

ரோசியைப் பகலில் நான் பார்த்துக்கொள்கிறேன். நோயாளிப் பராமரிப்பில் பயிற்சி முடித்து, மோகனூரிலிருந்து சேலத்துக்கு வந்து, அரிசிப்பாளையத்தில் இருக்கும் இந்த வீட்டுக்கு ஆறு ஆண்டாக வருகிறேன். ரோசிக்கு நாற்பத்துநாலு வயது. மூன்று வயதில் மூளைக் காய்ச்சல் வந்து, பேச்சு நாலைந்து சொல்லோடு நின்றுவிட்டது. வலிப்பு உண்டு. இரண்டு வேளையும் சாப்பிட்ட பிறகு மாத்திரை.

டோனிக்கு ஐம்பத்தாறு வயது. அவர் அப்பா அமிர்தசாமி செவ்வாய்ப்பேட்டை மளிகை மண்டியில் எடை போட்டவர். டோனி பட்டப்படிப்பு முடித்ததும் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் மாணவராகச் சேர்ந்து, அடுத்த ஆண்டே அங்கே பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார். கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டாஸ்தான் அப்போது பாடம். எட்டு ஆண்டு நடத்தினார். பிறகு சென்டரை மூடிவிட்டார்கள். மற்ற ஆசிரியர்கள் நல்ல மிஷினாகப் பார்த்து வாங்கிப் போனார்கள். யாரும் தொடாத, 386 என்ற பழைய ரக மிஷினை டோனி மொபெட்டில் வைத்துக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து அவருக்குப் பிழைப்பு இன்வெர்ட்டர் பேட்டரி சர்வீஸ். அந்த மிஷின் ரோசிக்கு.

அதில் ஒரே விளையாட்டு. மேலே கம்பியில் கோழி நடந்து முட்டை போடும். கீழே கூடையை நகர்த்திப் பிடிக்க வேண்டும். மூன்று முட்டை உடைந்தால் ஆட்டம் முடிந்தது. காபி குடித்ததும் ரோசி மூன்று ஆட்டம் ஆடுவாள். பிறகு தானே எழுந்து வந்து சாப்பிடுவாள், மாத்திரைக்கு வாய் திறப்பாள். இருபத்துநாலு ஆண்டாக இந்த வரிசை மாறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த மிஷின் செத்துப்போனது. உள்ளே பேட்டரி கசிந்து போர்டில் பச்சை பூத்திருந்தது. ஹார்ட் டிஸ்க் மட்டும் பிழைத்தது. டோனி தன் மனைவி டெபோராவின் லேப்டாப்பில் அதே விளையாட்டைப் போட்டுக் கொடுத்தார். பழைய விளையாட்டுகளை ஓட்ட இப்போது மென்பொருள் இருக்கிறது, வேகத்தையும் வைத்துக்கொள்ளலாம். ரோசி லேப்டாப்பின் மூடியைச் சாத்திவிட்டுப் பழைய மானிட்டர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

செவ்வாய்ப்பேட்டையில் பழைய இரும்பு, எலெக்ட்ரானிக் சாமான் வைத்திருக்கும் மாரியப்பன் ஒரு பென்டியம் மிஷினைக் கொண்டுவந்து இறக்கினார்.

"எல்லாரும் வேகமா ஓடறதக் கேப்பாங்க. மெதுவா ஓடறது இருக்கான்னு கேட்டவன் நீ ஒருத்தன்தான்டா."

"386 இருந்தாக் குடேன்."

"அதெல்லாம் தங்கம் எடுக்கறேன்னு எப்பவோ உருக்கிட்டானுங்க. இதக் கட்டிப்போட்டு மேச்சுக்க."

ஹார்ட் டிஸ்க், மானிட்டர், கீபோர்டு எல்லாம் ரோசியுடையதே. டோனி விளையாட்டைத் தொடங்கினார். கோழி எங்கே என்று தெரிவதற்குள் மூன்று முட்டையும் உடைந்துவிட்டன. அந்தக் காலத்து விளையாட்டுகள் சிலவற்றுக்குக் கடிகாரம் கிடையாதாம். 'இத்தனை ஆயிரம் எண்ணு, பிறகு முட்டையை ஒரு படி இறக்கு' என்று எழுதியிருப்பார்களாம். எண்ணுகிற மிஷின் வேகமானால் முட்டையும் வேகமாக விழும். டோனி இதை எனக்குக் கிரைண்டரை வைத்து விளக்கினார். கிரைண்டர் இல்லாமலே புரிந்திருந்தது.

ரோசி மணிக்கட்டைக் கடித்துக்கொண்டாள். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் சோற்றைத் தள்ளினாள். மாத்திரையை வாழைப்பழத்தில் வைத்தேன், தேனில் குழைத்தேன். பெரும்பாலும் துப்பினாள். புதன் காலை டாக்டரிடம் போனில் பேசினேன். மதியத்துக்குள் மாத்திரை உள்ளே போகாவிட்டால் சாயங்காலம் அட்மிட் செய்யச் சொன்னார். போன தடவை ஆஸ்பத்திரியில் ஊசிக் குழாயைப் பிடுங்குகிறாள் என்று கையைக் கட்டிலோடு கட்ட வேண்டியிருந்தது. நானும்தான் கட்டினேன். டோனி பார்த்துக்கொண்டு நின்றார்.

அதனால்தான் புதன்கிழமை அவர் வேலைக்குப் போகாமல் தரையில் உட்கார்ந்திருந்தார். மெமரியைச் செருகினார். போர்டில் இருக்கும் சின்ன இணைப்புத் துண்டுகளை இடம் மாற்றி, மிஷினின் மூளையான செயலியின் வேகத்தைக் குறைத்தார். அது போதவில்லை. மிஷின் கிளம்பும்போது டெலீட் விசையை அழுத்தினால் ஒரு நீலத் திரை வரும். அதில் கேஷ் என்ற ஒன்றை நிறுத்தினார். செயலி அடிக்கடி எடுக்கும் பொருளைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் இடம் அது. அதை நிறுத்தினால் ஒவ்வொன்றுக்கும் எழுந்து நடந்துபோய் எடுத்துவர வேண்டும், மெதுவாகிவிடும். பிறகு வேகம் அளக்கும் நிரலை ஓட்டினார்.

"386-ம் இதும் இப்ப ஒண்ணுதான். கூப்பிடுங்கக்கா" என்றார் என்னிடம்.

ரோசி வந்து உட்கார்ந்தாள். நாலு முட்டை பிடித்தாள், மூன்றை விட்டாள். எழுந்து நேராக மூலையில் கிடந்த பழைய பெட்டியிடம் போனாள். அதன் முகப்பில் உள்ளே அமுங்கியிருந்த ஒரு பொத்தானை அழுத்தினாள். அது டக்கென்று வெளியே வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து மறுபடி ஆடினாள். அதே வேகம்தான். கீபோர்டைத் தள்ளிவிட்டாள்.

டோனி பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இது வெளியதான் இருக்குமா எப்பவும்?"

"ஆமாங்க தம்பி. நான் வந்த நாளா அப்படித்தான் இருக்குது. ஏனுங்க?"

"உள்ள இருந்தா முழு வேகம். வெளிய வந்தாக் கால்வாசி. ஞாயித்துக்கிழமை துடைக்கறப்ப நான் அமுக்கி வைப்பேன். இவ எடுத்து உட்டுக்கிட்டே இருந்திருக்கா."

"இருவத்துநாலு வருசமா?" என்று டெபோரா அடுப்படியிலிருந்து கேட்டார். "வாத்தியாருக்கு இப்பத்தான் பாடம் புரியுது."

டோனி அலமாரியிலிருந்து சென்டர் காலத்து ஃப்ளாப்பிகளை எடுத்தார். இரண்டை மிஷினால் படிக்க முடியவில்லை. மூன்றாவதில் செயலியை இடையிடையே சும்மா நிற்கவைக்கும் சின்ன நிரல் ஒன்று இருந்தது. எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று நாம் சொல்ல வேண்டும். அங்கே தடுமாறினார்.

"ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு நேரங்கா ஆகும் அவளுக்கு?"

"மணி பாத்ததில்லீங்க. அவ ஆடறப்பத்தான் தலை சீவுவேன். முதல் ஆட்டம் முடியறதுக்கும் நான் பின்னிக் கட்டறதுக்கும் சரியா இருக்கும்."

"அப்பச் சீவுங்க. நான் ஆடறேன்."

ரோசியைப் பக்கத்தில் ஸ்டூலில் உட்காரவைத்துப் பின்னலை அவிழ்த்தேன். முதல் தடவை நான் மூன்று பிரியாகப் பிரிப்பதற்குள் அவர் ஆட்டம் முடிந்தது. செயலி நிற்கும் நேரத்தைக் கூட்டினார். இரண்டாவது தடவை பின்னிக் கட்டிய பிறகும் கோழி ஆமைபோல் நடந்துகொண்டிருந்தது.

"உங்க கோழிக்கு முட்டி வலி போல" என்றார் டெபோரா.

அந்த நேரத்தைக் கொஞ்சம் குறைத்தார். மூன்றாவது தடவை பாதிப் பின்னலில் ரோசியின் தலை என் கையிலிருந்து நழுவியது. அவள் முன்னால் குனிந்து, டோனியின் தோளில் கை வைத்துத் தள்ளினாள்.

"டோ. போ."

டோனி எழுந்துகொண்டார். ரோசி மூன்று ஆட்டம் ஆடினாள். நான் மீதிப் பின்னலை முடித்தேன். பிறகு அவள் எழுந்து சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். ரசம் சாதம் ஒரு கிண்ணம் சாப்பிட்டாள். மாத்திரை போனபோது மணி பன்னிரண்டு இருபது. டாக்டருக்குச் சொன்னேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் போனபோது டோனி சட்டைப் பொத்தான் போன்ற சின்ன வட்டப் பேட்டரி ஒன்றைப் புதிதாக வாங்கி வைத்திருந்தார். மிஷினில் இருந்தது பழையது. அது தீர்ந்தால் நீலத் திரையில் மாற்றியதெல்லாம் மறந்துபோய் முட்டை மறுபடி வேகமாக விழும். அவர் பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டு, அதில் அழிந்துபோனதை மறுபடி வைக்கும் வேலையை என்னிடம் விட்டு விலகிக்கொண்டார். மாத்திரை நேரம் எழுதும் என் நோட்டில் ஒவ்வொரு படியாக எழுதச் சொன்னார்: டெலீட் விசை, இரண்டாவது பக்கம், கேஷ் நிறுத்தம், எஃப் பத்து, சேமிக்க ஒய். எழுதினேன். என்னையே செய்யச் சொன்னார். முதல் தடவை சேமிக்காமல் வெளியே வந்துவிட்டேன்.

"இன்னொரு வாட்டி" என்று சொல்லிவிட்டு வெளி வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

இரண்டாவது தடவை சரியாக வந்தது. ரோசி எட்டு மணிக்கு உட்கார்ந்தாள். எட்டே முக்காலுக்கு இரண்டு இட்லியும் மாத்திரையும்.