முதுகில் தெரிந்த எண்

பெரியம்மாவின் மகன் அபிஷன் டொரோண்டோவிலிருந்து லண்டன் ஹரோவிலிருந்த எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியபோது அவனுக்கு இருபத்தாறு வயது. எனக்கு அண்ணன் முறை. வீட்டில் எல்லோருக்கும் அபி. அவனோடு ஓர் ஆள் படுத்துக்கொள்ளக்கூடிய நீளத்தில் ஒரு பையும் வந்தது. தோள்காப்பு, முழங்கால்காப்பு, கையுறை, ஸ்கேட் சப்பாத்து; எத்தனை தரம் காயப்போட்டாலும் போகாத வியர்வை வாடை. சாமியறைச் சுவரோரம் அதை வைக்கவே கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். பை தோட்டத்துக் கொட்டிலுக்குப் போனது. அவன் மேல்மாடிச் சின்ன அறைக்குப் போனான்.

அவன் தொழில்முறை ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரன். தேம்ஸுக்குத் தெற்கே ஒரு சிறிய கிளப் அவனை வெளிநாட்டு ஆட்டக்காரனாக ஒப்பந்தம் செய்திருந்தது. விசாவும் அந்த ஒப்பந்தத்தில்தான் தொங்கியது. இதையெல்லாம் எங்கள் சொந்தக்காரருக்கு விளங்கப்படுத்துவது லேசான வேலையில்லை. ஒரு பிறந்தநாள் விழாவில் நவரத்தினம் மாமா அவனைப் பிடித்துக்கொண்டார்.

"ஹொக்கி எண்டா புல்லுத்தரையில கம்பால அடிக்கிறதெல்லே?"

"இது ஐஸில, மாமா."

"ஐஸிலயோ. சம்பளம் தாறாங்களோ, இல்லாட்டி குளிருக்கு ஜாக்கெட் மட்டுமோ?"

"ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் தாறாங்கள்."

மாமா அந்தப் பதிலை மேசை மேசையாகக் கொண்டுபோய்ச் சிரிப்பு வாங்கினார். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அம்மா, பிள்ளை ஒரு ஸ்போர்ட்ஸ் கொம்பனியில் வேலை என்று சொல்லப் பழகிக்கொண்டார்.

டொரோண்டோவின் ஸ்கார்பரோவில் அவர்கள் இருந்த அடுக்குமாடிக்குப் பின்னால், குளிர்காலத்தில் நகரசபை தண்ணீர் விட்டு உறையவைக்கும் ஒரு தளம் இருந்ததாம். காசில்லாமல் விளையாடக்கூடிய இடம் அது ஒன்றுதான். அங்கே தொடங்கியவன் பள்ளிக்கூட அணி, ஊர் அணி என்று வேகமாக ஏறினான். பதினாறு வயதில் பெரிய அணிகள் ஆள் எடுத்தபோது அவன் பெயர் வரவில்லை. பிறகு அமெரிக்காவின் சின்னச் சின்ன ஊர்களில், பஸ்ஸிலேயே தூங்கி எழுந்து ஆடும் லீக்குகளில் சில வருஷம் போனது. லண்டன் அவனுக்கு ஏறுமுகமில்லை. தெரிந்துதான் வந்தான்.

அவன் ஆடியது ஃபோர்வேர்டாக, முன்வரிசையில். ஃபோர்வேர்ட் என்றால் கோல் அடிப்பவன் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவன் செய்தது வேறு. பக் என்கிற கறுப்பு ரப்பர் வட்டு எதிரணியின் மூலைக்குப் போனதும் அதன் பின்னால் பறப்பான். அதை எடுக்க வரும் தடுப்பாட்டக்காரனைத் தோளால் இடித்து, தளத்தைச் சுற்றியிருக்கும் பலகைச் சுவரோடு சேர்த்துவிடுவான். வட்டு நழுவும். வேறொருவன் எடுத்துக் கோல் போடுவான். கைதட்டல் அவனுக்கு. அபி தட்டுத்தடுமாறி எழுந்து பெஞ்சுக்குப் போய்த் தண்ணீர் குடிப்பான்.

இடிப்பது இந்த ஆட்டத்தில் குற்றமில்லை. முன்னால் இடிக்கலாம், பக்கவாட்டில் இடிக்கலாம். முதுகில் மட்டும் கூடாது. பலகையைப் பார்த்து நிற்பவனுக்குத் தன் தலையைக் காப்பாற்ற வழியில்லை. அபி வளர்ந்த இடத்தில் சிறுவர்களின் சட்டை முதுகிலேயே 'நில்' என்ற சிவப்பு அடையாளத்தைத் தைத்துவிடுவார்களாம், ரோட்டில் இருப்பதைப் போல. வளர்ந்தவர்களுக்கு அது கிடையாது. அவர்களுக்கு விதி இவ்வளவுதான்: எதிரே இருப்பவனின் முதுகு எண்ணை உன்னால் வாசிக்க முடிந்தால் நின்றுவிடு.

இங்கே வந்த இரண்டாவது குளிர்காலத்தில் அபி ஓர் எண்ணை வாசித்தான். நிற்கவில்லை.

அந்த வாரம் பயிற்சியாளர் அவனைக் கூப்பிட்டு, நீ மென்மையாகிவிட்டாய் என்றிருந்தார். வெளிநாட்டு ஆட்டக்காரர் இடங்கள் கொஞ்சம்தான். இளம் வயதுப் பையன் ஒருவன் விண்ணப்பித்துக் காத்திருக்கிறான் என்பதையும் சொல்லாமல் சொல்லியிருந்தார். ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் வட்டு மூலைக்குப் போனது. எதிரணியின் டானி அதற்கு முன்னமே அங்கே போய், பலகையைப் பார்த்துக் குனிந்துகொண்டிருந்தான். டானி வார நாட்களில் கூரை வேலை செய்கிறவன். சனி ஞாயிறில் தடுப்பாட்டக்காரன். முதுகில் பதினான்கு. நான்கின் கீழ்மூலையில் தையல் விட்டிருந்ததுகூட அபிக்குத் தெரிந்தது. ஸ்கேட்டைக் குறுக்கே திருப்பினால் நின்றிருக்கலாம், அதற்குத் தூரமும் இருந்தது. அவன் தோளை இறக்கினான்.

டானியை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். ஆட்டத்தை இணையத்தில் காட்டிய கமராவுக்கும் அந்த மூலைக்கும் நடுவே, பலகைக்கு மேலிருக்கும் கண்ணாடியைத் தாங்கும் தூண் ஒன்று மறைத்துக்கொண்டு நின்றது. லீக்கின் விசாரணை வீடியோ அழைப்பில் நடந்தது. அதற்கு முன்பே பயிற்சியாளர், கடைசி நொடியில் எதிராளி திரும்பிவிடுவது தினமும் நடக்கிற காரியம், அதைச் சொன்னால் போதும் என்றிருந்தார். அபி அதைச் சொன்னான். பார்த்தவர் யாரும் உறுதியாக மறுக்கவில்லை. சில ஆட்டத் தடையோடு முடிந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் வருஷத் தடை வந்திருக்கும், ஒப்பந்தம் போயிருக்கும், விசாவும் கூடவே போயிருக்கும்.

அத்தோடு அவன் ஒதுங்கியிருப்பான். கிளப்பும், போய்ப் பார்க்காதே என்றுதான் சொல்லியிருந்தது. ஆனால் அம்மாவுக்கு விஷயம் எட்டிவிட்டது.

"உன்ர தோள் பட்டு விழுந்தவன். நீ போய்ப் பார்க்காமல் இருக்கேலாது."

"கிளப் வேண்டாமெண்டது, சின்னம்மா."

"கிளப்புக்கு என்ன தெரியும்? நாளைக்கு அவன்ர தாய் என்ன நினைப்பா? வெறுங்கையோட போகாத."

இடியப்பமும் சொதியும் ரோல்ஸும் பெட்டியில் ஏறின. வழி முழுக்க அபி சொல்லவேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனானாம். டானி தன் வீட்டில், திரைச்சீலை இழுத்த அறையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இருந்தான். வெளிச்சம் பட்டால் தலை வெடிக்கும். அபி உட்காருமுன் அவனே கையைப் பிடித்துக்கொண்டான். டானி பேசியதையெல்லாம் அபி பிறகு தன் தமிழில்தான் எனக்குச் சொன்னான். அப்படியே எழுதுகிறேன்.

"நான்தான் திரும்பினனாம். விசாரணையில சொல்லியிருக்கினம். என்ர பிழை. நீ மனசில வச்சிருக்காத."

உண்மையைச் சொல்ல வாய் திறக்க வந்தவன், சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தான்.

அப்படித்தான் அவர்கள் நண்பர்களானார்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறாவது அபி அங்கே போனான். டானியின் மனைவி லிசா அவனைத் தன் தம்பியைப் போல வேலை வாங்கினாள். டானி திரும்ப ஆடவில்லை. ஏணியில் நாலு படி ஏறினால் தலை சுற்றியது. கூரை வேலையை விட்டு, கட்டடச் சாமான் விற்கிற கடை ஒன்றில் கவுண்டரில் நின்றான். அபிக்கோ ஆட்டம் மாறிப்போனது. மூலைக்கு ஓட முடியவில்லை. ஓடினாலும் இடிக்கும் இடத்தில் ஸ்கேட் தானாகவே திரும்பிவிடும். அதனால் கோலுக்கு முன்னாலேயே சுற்றிக்கொண்டு நின்றான். அங்கே நிற்பவன் காலடிக்கு வட்டு தானாக வரும். அந்த வருஷம் அவன் வாழ்நாளிலேயே அதிகமாகக் கோல் போட்டான். கிளப் ஒப்பந்தத்தை நீட்டியது. ரசிகர்கள் அவன் பெயரைப் பாட்டாகப் பாடினார்கள். பாட்டுத் தொடங்கினால் அவன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் குனிந்துகொள்வான். அடக்கமான பிள்ளை என்றார்கள்.

ஒருமுறை அம்மா லூயிஷாம் சிவன் கோயிலில் டானியின் பெயருக்கு அர்ச்சனை செய்வித்தார். ஐயர் நட்சத்திரம் கேட்டார். வெள்ளைக்காரனுக்கு நட்சத்திரத்துக்கு எங்கே போவது? அபியின் நட்சத்திரத்தையே சொல்லிவிட்டேன், அடிபட்டவனுக்கும் அடிச்சவனுக்கும் சேர்த்துப் போகட்டும் என்று வீட்டில் வந்து சொன்னார். அபி பாதிச் சாப்பாட்டில் எழுந்து மேலே போய்விட்டான். அவனுக்குக் கறியில் உறைப்புக் கூடிவிட்டது என்று அம்மா நினைத்தார்.

போன இலையுதிர்காலத்தில் டானி சிறுவர் அணி ஒன்றுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினான். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள். மெதுவாகப் பலகையைப் பிடித்துக்கொண்டு ஐஸில் நிற்க அவனால் முடிந்தது. அது அவனுக்கு உயிர் கொடுத்தது என்று லிசா சொன்னாள். இந்தப் பெப்ரவரியில் ஒரு ஞாயிறு காலை, பிள்ளைகளுக்கு ஒரு பாடம் செய்து காட்டவேண்டும், நீயும் வா என்று அபியை அழைத்தான். என்ன பாடம் என்று அபி கேட்கவில்லை.

பிள்ளைகள் ஐஸில் முழங்காலிட்டு அரைவட்டமாக இருந்தார்கள். டானி தன் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். அபியைக் காட்டி, என்னை இடித்தவர் இவர்தான், இவரில் ஒரு பிழையும் இல்லை என்றான். பலகையோரம் ஒருவன் வரும்போது கடைசி நேரத்தில் முதுகைத் திருப்பினால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி என்றான். பிறகு அபியை மெதுவாக வரச் சொன்னான். அபி வந்தான். கிட்ட வந்ததும் டானி திரும்பினான். பார்த்தீர்களா என்றான். இன்னொரு தரம் செய்தார்கள்.

முன்னால் இருந்த சிறுமி ஒருத்தி கை தூக்கினாள். ஏன் திரும்பினீர்கள் என்று கேட்டாள்.

டானி கொஞ்சம் யோசித்தான். தெரியவில்லை என்றான். எனக்கு அது ஞாபகமே இல்லை, அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன், நீங்கள் கவனமாக இருங்கள் என்றான். பிள்ளைகள் தலையாட்டினார்கள். அந்தச் சிறுமி தன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

மூன்றாம் தரம், இன்னும் வேகமாக வா என்றான் டானி. அபி தளத்தின் நடுவிலிருந்து கிளம்பினான். டானி திரும்பினான். பதினான்கு தெரிந்தது. அபியின் ஸ்கேட் குறுக்கே திரும்பி ஐஸைச் சீவிக்கொண்டு நின்றது.

"நீ திரும்பேல்லை," என்றான். "நான் வரேக்கயே உன்ர முதுகுதான் தெரிஞ்சது. எண்ணை வாசிச்சனான். நிண்டிருக்கலாம். விசாரணையில நான் சொன்னது பொய்."

குரல் உயரவில்லை. ஆனால் காலியான ஐஸ் அரங்கில் எல்லாம் கேட்கும். பிள்ளைகளுக்கும் கேட்டது. டானி அவர்களைத் தளத்தைச் சுற்றி ஓடச் சொன்னான். நிறுத்தச் சொல்லும்வரை ஓடுங்கள் என்றான். அவர்கள் போன பிறகும் பலகையைப் பிடித்தபடி நின்றான். அடிப்பான் என்று அபி நினைத்தான். அடித்திருந்தால் நல்லது என்றும் நினைத்தானாம்.

"ரெண்டு வருஷமா அந்தத் திரும்பினதைத் தேடுறன்," என்றான் டானி. "கண்ணை மூடினா வட்டு தெரியுது, பலகை தெரியுது. திரும்பினது மட்டும் வராது. முதல் கிழமை லிசாட்ட சொன்னனான், நான் திரும்பேல்லை எண்டு. அவ விசாரணை முடிவை வாசிச்சுக் காட்டி, உனக்குத் தலையில அடி, ஞாபகம் பிழைச்சிட்டுது எண்டா. பிறகு நான் என்னையே நம்பிறதை விட்டிட்டன். அடுப்பை நிப்பாட்டினனோ எண்டுகூட அவளிட்டத்தான் கேக்கிறனான்."

ஒருவனின் தலையை உடைத்துவிட்டோம் என்ற பாரத்தைத் தூக்க அபி பழகியிருந்தான். அந்தத் தலைக்குள்ளே இருந்த சரியான ஞாபகம் ஒன்றையும் தான்தான் பிழையாக்கினான் என்பது அவனுக்கு அதுவரை தெரியாது.

லீக்குக்கு இன்றைக்கே சொல்கிறேன் என்று அபி சொன்னான்.

"லீக் இருக்கட்டும். முதல்ல லிசாட்ட சொல்லு. என்ர முன்னால."

பிள்ளைகளின் பெற்றோர் வரும்வரை இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். பிறகு அபிதான் காரை ஓட்டினான். டானியால் ஓட்ட முடியாது. எந்தச் சந்தியில் திரும்புவது என்று டானி ஒவ்வொரு முறையும் சொன்னான். அபிக்கு அந்த வழி மனப்பாடம். இருந்தும் சொல்லவிட்டான்.

லிசா கதவைத் திறந்து, குளிருக்குள் நிற்காமல் உள்ளே வாருங்கள் என்றாள். டானி மட்டும் உள்ளே போனான். அபி வாசலில் நின்றே சொன்னான். எண் தெரிந்தது, நிற்க நேரம் இருந்தது, திரும்பினான் என்றது நான் கட்டிய கதை. அவள் தன்னை ஏசுவாள் என்று காத்திருந்தான். அவள் அவன் பக்கமே பார்க்கவில்லை. புருஷனின் கையைத் தேடிப் பிடித்தாள்.

"நீங்கள் சொன்னனீங்கள்," என்றாள். "முதல் கிழமையே சொன்னனீங்கள்."

அவனை யாரும் போ என்று சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. அவன் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுக் காருக்குள் வந்து இருந்து பயிற்சியாளரை அழைத்தான். ஏன் இப்போது, எல்லாம் முடிந்த கதையல்லவா என்று அவர் கேட்டார். உங்களுக்கு முடிந்த கதை என்று அபி சொன்னான். பிறகு லீக்குக்கு எழுதினான்.

வருஷத் தடை வந்தது. கிளப் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. விசா தீர்வதற்குள் கனடாவுக்குத் திரும்பவேண்டும். அங்கே என்ன வேலை என்று இன்னும் தெரியாது. அம்மாவிடமும் அவனே சொன்னான். அவன்ர வீட்டுக்கு இனி நான் என்ன முகத்தோட சாப்பாடு குடுத்து விடுறது என்று மட்டும் அம்மா கேட்டார்.

டானியிடமிருந்து இதுவரை அழைப்பில்லை. வரும் என்று எதிர்பார்க்கத் தனக்கு உரிமை இல்லை என்கிறான் அபி. ஆனாலும் சாப்பிடும்போது போனைத் திரை மேலே தெரியும்படிதான் வைக்கிறான்.