கதவைப் பூட்டாத வேலண்ணை

சட்பரியைத் தாண்டி ட்ரக்கை நிறுத்திக் கோப்பி வாங்கிக்கொண்டிருந்தபோது ரொறன்ரோவுக்குப் பக்கத்துப் பிக்கரிங்கிலிருந்து சிவநேசனின் அழைப்பு வந்தது. "அண்ணை எங்களை விட்டுப் போயிட்டார்" என்றார். அவருடைய அண்ணை என்றால் எங்கள் எல்லோருக்கும் வேலண்ணை. வடக்கே காட்டில் பொறி வைத்து விலங்கு பிடித்து உரோமத் தோல் விற்றும், கோடையில் படகில் வருபவர்களுக்கு வழிகாட்டியும் வாழ்ந்த வேலாயுதம். எப்படி நடந்தது என்றுதான் எவரும் கேட்பார்கள். என் வாயில் வந்ததோ வேறு கேள்வி. "கதவு பூட்டாமல் கிடந்ததோ?" "ஓம், பூட்டாமல்தான் கிடந்தது" என்றார். ட்ரக்கில் ஏறி இருந்து அழுதேன். கோப்பி ஆறிப்போயிற்று.

அவரைத் தெரிந்தவர்களுக்கு நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்பது விளங்கும். மற்றவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் வடக்கே ட்ரக் ஓட்டத் தொடங்கிய முதல் பனிக்காலம். நெடுஞ்சாலையோரப் பெற்றோல் நிலையம் ஒன்றில், பீவர் என்ற நீர்விலங்கின் தோலில் தைத்த தொப்பியும் மார்பளவு தாடியுமாக ஒரு மனிதர், பனியில் ஓடும் தன் ஸ்னோமொபைலை உதைத்துக்கொண்டிருந்தார். "சனியனே, இண்டைக்குத்தானோ உனக்கு வருத்தம் வரவேணும்?" என்று அவர் திட்டியது என் காதில் விழுந்தது. குளிர் என் மூளைக்குள் போய்விட்டதென்றே நினைத்தேன். "அண்ணை, நீங்கள் தமிழோ?" என்று கேட்டேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இல்லை, கரடி. தமிழ் படிச்ச கரடி" என்றார். அதன் பிறகு அந்த வழியால் போகும்போதெல்லாம் அவரைத் தேடிப் போகாமல் நான் திரும்பியதில்லை.

அகதியாக வந்து ரொறன்ரோ உணவகமொன்றில் கோப்பை கழுவியவர், மோட்டல் வேலைக்கென்று வடக்கே போனார். மோட்டலை மூடிய பிறகும் திரும்பவில்லை. பொறி வைக்கப் பழகி, உரிமம் எடுத்து, ஏரிக்கரையில் மரக்கட்டைகளால் ஒரு கபின் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். முட்டைகூடத் தொடாத குடும்பத்தில் பிறந்தவர். ஊரிலிருந்த தாயாரிடம் தொலைபேசியில் காட்டிலாகாவில் வேலை என்று சொல்லி வைத்திருந்தார். "முழுப்பொய் இல்லை. காடும் இருக்கு, வேலையும் இருக்கு. இலாகா மட்டும்தான் இல்லை" என்பார்.

ஒருமுறை அவரோடு போய், பனிக்கட்டியை உடைத்துப் பொறியை இழுப்பதைப் பார்த்தேன். உள்ளே ஒரு பீவர். அந்தக் குளிரில் கையுறையைக் கழற்றி, வெறுங்கையை அதன் முதுகில் வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். "பாவமில்லையோ அண்ணை?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "பாவம்தான். அதுக்கு வேற பேர் வைக்கமாட்டன்" என்றார்.

இனிக் கதவுக்கு வருகிறேன். ஒரு பனிக்காலத்தில் ஏரியைக் கடக்கும்போது பனிக்கட்டி உடைந்து இடுப்புவரை தண்ணீருக்குள் போய்விட்டார். ஒருவாறு ஏறி வந்துவிட்டார். ஆனால் அவருடைய கபின் வெகுதூரம். கிட்டவிருந்த வேறொரு வேட்டைக்காரரின் கபினுக்குத் தவழாத குறையாகப் போயிருக்கிறார். கதவு பூட்டியிருக்கவில்லை. அடுப்புக்குள் மரப்பட்டையும், சிராயும், அதற்குமேல் விறகும் அடுக்கி வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு நெருப்புப்பெட்டி.

"கை விறைச்சுப்போச்சு. விறகு அடுக்க ஏலாது. ஒரு குச்சி தட்ட மட்டும்தான் எனக்குச் சீவன் இருந்தது. அந்த மனுசன் எனக்கு அந்த ஒரு வேலையைத்தான் மிச்சம் வச்சிருந்தான்" என்று சொல்லுவார். "அவன்ர முகத்தை நான் இண்டுவரைக்கும் காணேல்லை."

அந்தக் காட்டில் அதுதான் வழக்கம். வெளியே போகிறவன் கதவைப் பூட்டமாட்டான். அடுத்து வருபவனுக்காக அடுப்பை அடுக்கி வைத்துவிட்டுத்தான் போவான்.

இந்த வழக்கம் சிவநேசனுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒரு கோடையில் அண்ணனைப் பார்க்க ஆசையாக வந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன். வேலண்ணை படகோடு ஏரிக்குள் போயிருந்த நேரம் பார்த்து, ரொறன்ரோவிலிருந்து கொண்டுவந்த பெரிய பூட்டொன்றைக் கபின் கதவில் பூட்டிவிட்டு, அவர் கரைக்கு வந்ததும் சாவியை நீட்டினார். வேலண்ணை பூட்டைத் திறந்து எடுத்து ஏரிக்குள் எறிந்தார். "நான் அக்கறையிலதானே செய்தன்" என்று திரும்பும் வழியெல்லாம் சிவநேசன் என்னிடம் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. வேலண்ணையோ ஒவ்வொரு வருடமும் இரண்டாவது கட்டிலின் போர்வையை உதறி மடித்து வைப்பார். "தம்பி வந்தாலும் வருவான்."

இதயம் பலவீனப்பட்டபோது தம்பிதான் அவரைப் பிக்கரிங்குக்குக் கூட்டி வந்தார். முதல்நாள் விடியவே வேலண்ணை முன்கதவைத் திறந்தார். அலாரம் அலறி, தெருவே எழும்பி, பொலிசும் வந்துவிட்டது. சாரத்தோடு நின்றபடி, "வானம் பாக்க வந்தனான்" என்றாராம். "தம்பியின்ர வீட்டில கதவெல்லாம் கத்துது" என்று சொல்லி, ரொறன்ரோவின் டோர்செட் பார்க் பகுதியில் ஓர் அப்பார்ட்மென்ற்றுக்கு மாறினார்.

அங்கேயும் பூட்டவில்லை. விசிலடிக்கும் கேத்தலில் தண்ணீர் நிரப்பி அடுப்பில் வைத்திருப்பார். பக்கத்தில் கவிழ்த்த கோப்பை, தேயிலை டின், நெருப்புப்பெட்டி.

"கரண்ட் அடுப்புக்கு நெருப்புப்பெட்டி என்னத்துக்கு அண்ணை?"

"கிடக்கட்டும். கண்ணுக்குப் பழகிப்போச்சு."

நான் போகும்போதெல்லாம் அந்தக் கோப்பை கவிழ்த்தபடியே இருக்கும். வெளியே நீண்ட நடைகூடத்தின் இரண்டு பக்கமும் மூடிய கதவுகள். "காட்டில மாதக்கணக்கா ஆளைக் காணாட்டி, அது காடு. இஞ்ச லிப்ற்றில சனத்தோட இடிபட்டு நிண்டும் ஒருத்தரும் முகம் பாக்கினமில்லை. உதுக்கு என்ன பேர்?" என்று ஒருநாள் கேட்டார். கட்டட மனேஜர் கதவைப் பூட்டச் சொல்லி எச்சரித்தார். நானும் சண்டை பிடித்தேன். "ஆர் அண்ணை உங்களிட்ட வரப்போகினம்?" என்று கத்தியேவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "வராட்டி விடட்டும். வந்தவன் திரும்பிப் போகக்கூடாது" என்றார்.

இறுதிச்சடங்கில் ஓர் இளம்பெண் சிவநேசனைத் தேடி வந்தாள். எதிர்வீட்டுக் கோமதி, தமிழ்நாட்டுக்காரி. "காலையில லிஃப்டுக்குப் போறப்போ உள்ள கெட்டில் விசில் அடிச்சிட்டே இருந்துச்சு சார். யாரும் அணைக்கல. கதவைத் தள்ளினேன், திறந்துக்கிச்சு. அங்கிள் தரையில கிடந்தாரு, மூச்சு இருந்துச்சு. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள போயிட்டாரு. அதுவரைக்கும் கையைப் புடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்து 'வந்திட்டியோ'ன்னு கேட்டாரு. ஆமான்னு சொல்லிட்டேன்." அதற்கு முன் அவள் அந்த வீட்டுக்குள் ஒருநாளும் போனதில்லை. சிவநேசன் அந்த இடத்திலேயே குந்தியிருந்து குழந்தை மாதிரி அழுதார்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து வீட்டை ஒப்படைக்கும் நாளில் நானும் கூடப் போனேன். எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு சிவநேசன் கேத்தலைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, அடுப்பில் வைத்தார். "மனேஜர் தூக்கி எறிஞ்சுபோடுவான்" என்றேன். "எறியட்டும்" என்றார். கதவைச் சாத்தினார், பூட்டவில்லை. சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்து, நெருப்புப்பெட்டியை என் கையில் வைத்தார்.

மனைவி போனபின் வோபர்ன் பகுதியில் ஒரு வீட்டின் பேஸ்மென்ற்றில் தனியாகத்தான் இருக்கிறேன். பிள்ளைகள் வேறு நகரங்களில். வெளியே போகும்போது கதவைப் பூட்டாமல் போக எனக்குத் துணிவில்லை, வேலண்ணை என்னை மன்னிக்க வேண்டும். ஆனால் உள்ளே இருக்கும்போது இப்போது பூட்டுவதில்லை. அடுப்படியில் நிறைந்த கேத்தல், கவிழ்த்த கோப்பை, அந்த நெருப்புப்பெட்டி. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது நெருப்புப்பெட்டியும் இந்தப் பழக்கமும்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிவநேசன் தட்டாமலே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். நான் எழும்பவில்லை. கேத்தலில் தண்ணீர் இருந்தது. அவரே அடுப்பைப் போட்டார்.