தேங்காய் நார் பிரேக்

எண்பதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பிரேக் லைனிங்கில் இருக்கும் கல்நாரின் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, அதற்குப் பதிலாகத் தேங்காய் நாரைப் பயன்படுத்தினால் என்ன என்று ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. புளியறை தாண்டிக் கேரளத்துக்குப் போய்வரும் லாரிக்காரர் ஒருவர் முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் வாங்கி வந்து தந்தார். நாரைப் பொடியாக நறுக்கி, அந்த எண்ணெயைக் காய்ச்சிப் பிசைந்து, அச்சில் அழுத்திச் சுட்டேன். எண்ணெயின் காரத்தில் விரல் தோலெல்லாம் உரிந்தது. மேலகரத்து வாடகை வீடே நாறியது. மனைவி பொறுத்துக்கொண்டாள்.

என் ஸ்கூட்டரின் இரண்டு சக்கரத்திலும் அதைப் பொருத்தினேன். கோடை முழுக்க அருமையாகப் பிடித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாரல் தொடங்கியதும் மனைவியின் தம்பி விடுப்பில் வந்தான். போலீஸ்காரன். அவனைப் பின்னால் உட்காரவைத்துக் குற்றாலத்துக்குக் கிளம்பினேன். வழியெல்லாம் நாரின் பெருமைதான். தூறலில் சாலை ஓடையாகிக் கிடந்தது. கடைத்தெரு இறக்கத்தில் பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை.

"பிரேக்கப் புடிங்க அத்தான்!"

"புடிச்சிட்டுத்தான்லே இருக்கேன்!"

இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே போய், அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளி ஒருவர்மேல் மோதினேன். எண்ணெய்க் கிண்ணம் உருண்டது. அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கூட்டம் கூடியது.

மைத்துனன் முன்னால் வந்தான். "நான் போலீஸு. பிரேக் கேபிள் அந்து போச்சு, அதுக்கு யாரு என்ன செய்ய முடியும்? போங்க, போங்க."

கூட்டம் அதை நம்பியது. அடிபட்டவரும் தலையாட்டினார். அவர் முகத்தைப் பார்த்ததும் என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

"கேபிள் அறல. தேங்கா நார்ல நானா செஞ்ச பிரேக்கு. தண்ணி பட்டதும் வழுக்கிட்டு."

கூட்டத்தில் யாரோ, "தேங்கா நாராம்லே! கயித்துக் கட்டில்ல இருந்து உருவுனாரோ?" என்றார். சுற்றிலும் சிரிப்பு. என் மாணவர்கள் இருவர் அதில் நின்றிருந்தார்கள். சிரிக்கவும் முடியாமல், வணக்கம் சொல்லவும் முடியாமல் தரையைப் பார்த்தார்கள்.

"போலீஸுன்னு சொல்லி ஒரு பேச்சு சொன்னேன். அத்தன பேரு முன்னால பொய்யாக்கிட்டீங்களே," என்று மைத்துனன் பஸ் ஏறிப் போனான். அன்று மாலையே ஊருக்கும் கிளம்பிவிட்டான். மனைவி இரண்டு பேர் மேலும் கோபப்பட முடியாமல் அடுப்பங்கரையிலேயே இருந்தாள்.

அடிபட்டவருக்கு முழங்கால் எலும்பில் கீறல் என்றார்கள். அந்தச் சீசன் முழுக்க அவரால் வேலைக்குப் போக முடியவில்லை. ஞாயிறுதோறும் பார்க்கப் போனேன். அவர் மனைவி என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் மட்டும், "உக்காருங்க சார்," என்பார். உட்காருவேன். அருவிக்குப் போகும் கூட்டத்தின் சத்தம் தெருவில் கேட்டுக்கொண்டே இருக்கும்.