மைதீன் பாய் போகாத ஊர்

சயான் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தபோது பாயின் மகள் ஷமீமா போன் செய்தாள். "மாமா, வாப்பா மௌத்தாயிட்டாங்க." வந்த ரயிலை விட்டுவிட்டுத் தாராவிக்கு நடந்தேன். பாய் இறந்ததற்கு வழியெல்லாம் அழுகை வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது பழைய வயிற்றெரிச்சல். மைதீன் பாயை அறிந்த உங்களிடம் அதை மறைக்கப் போவதில்லை.

அவருடைய தோல் பட்டறைக்கும் என்னுடையதற்கும் நடுவே ஒரே சுவர். இருவரும் தைத்தது தோல்பைகள். ஆங்கிலம் எனக்கு வரும், அவருக்கு வராது. அந்த ஒன்றில்தான் நான் ஒரு படி மேல்.

பிரான்சில் மியோ என்ற சிறிய ஊரிலிருந்து கையுறைக்கு ஆர்டர் வந்தது. சேர்ந்து எடுத்தோம். தாராவி வழக்கப்படி, தோல் வீணாகாமல் அச்சைத் திருப்பித் திருப்பி வைத்து வெட்டினோம். பைக்கு அது போதும். கையுறைக்கோ தோல் குறுக்கே இழுபட வேண்டும், நீளத்தில் இழுபடக் கூடாது. நாங்கள் வெட்டியதில் கையுறையின் விரல்கள் நீண்டன, கை நுழையவில்லை. மொத்தமும் திரும்பி வந்தது. நான் ஆர்டர் கொடுத்தவரைத் திட்டினேன். பாய், "அந்த ஊருக்காரங்க இத எப்படிப் படிச்சாங்க அண்ணாச்சி?" என்று தேட ஆரம்பித்தார்.

மருமகனைப் படித்துச் சொல்லச் சொல்லி, போனில் வரைபடத்தை விரித்து விரித்துப் பார்ப்பார். "மேல சுண்ணாம்புப் பாறைப் பொட்டல். வெள்ளாமை கம்மி, ஆடுதான். பாலெல்லாம் சீஸுக்குப் போயிருது, அதனால குட்டிய சின்னதுலயே அறுத்துருதாங்க. தோலு மெல்லிசு. கீழ தார்ன், தூர்பின்னு ரெண்டு ஆறு. கையுறை வராம வேற என்ன வரும்?" ரோமானியர் காலத்தில் அங்கே சிவப்பு மண்பாண்டம் செய்து தூர தேசங்களுக்கு அனுப்பினார்களாம். "அப்பவே எக்ஸ்போர்ட்டு! நம்ம தாராவிதான் அது" என்று சிரிப்பார். "மண்ணத் தெரிஞ்சாத்தான் தோலு தெரியும்" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

அடுத்த ஆர்டர் சரியாகப் போனது. ஆர்டர் கொடுத்த மியோ பெரியவரே தாராவிக்கு வந்தார். பாய் கேட்க, நான் மொழிபெயர்க்க, ஒரு மணி நேரத்தில் பெரியவர் என்னை மறந்தே போனார். "என் ஊரை இவருக்கு என் மகனைவிட நன்றாகத் தெரிகிறது" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

பிறகு என் மெயிலுக்குப் பெரியவரிடமிருந்து அழைப்பு வந்தது, மைதீனைத் தன் ஊருக்கு அனுப்பும்படி. நான் பாயிடம், "என்னத்தான் கூப்பிட்டிருக்காங்க" என்றேன். அவர் முகம் ஒரு கணம் வாடியது. "போயிட்டு வாங்க அண்ணாச்சி. எனக்கும் சேத்துப் பாத்துட்டு வாங்க." பாய்க்கு உடம்புக்கு முடியவில்லை என்று பெரியவருக்கு மெயில் எழுதிவிட்டு நானே போனேன்.

திரும்பி வந்ததும் அவர் ஒன்றுதான் கேட்டார். "பாலத்துல நின்னா ரெண்டு ஆறும் சேருறது தெரியுதா?" தெரிகிறது என்றேன். உண்மையில் அந்தப் பாலத்தில் நான் ஆற்றுக்கு முதுகைக் காட்டி, என்னையே படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் பார்க்க ஆசைப்பட்ட ஒன்றை ஏன் பார்க்க வேண்டும் என்ற வீம்பும் இருந்தது. டீக்கடையில் வருகிறவர்களிடமெல்லாம் பாய், "அண்ணாச்சி கண்ணால பாத்துட்டு வந்திருக்காரு" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடக்கம் முடிந்து வந்தபோது ஷமீமா என்னைத் தனியே அழைத்தாள். "அழைப்பு வாப்பாவுக்குத்தான் வந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியும் மாமா. அந்தப் பெரியவரு என் வீட்டுக்காரர்ட்ட போன்ல சொல்லிட்டாரு. வாப்பா கோவப்படல. 'அதனால என்ன, ஆறு சேருறதப் பாத்துட்டு வந்து எங்கிட்ட சொன்னாருல்லா'ன்னு சொன்னாங்க."

என் முதல் பொய்யை அவர் மன்னித்தார். இரண்டாவதை நம்பினார். அவர் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அந்த நம்பிக்கை ஒன்றுதான். "நான் பார்க்கவில்லை பாய்" என்று சொல்ல, இனி சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லை.