ஃபாதர் மந்திரித்துக் கொடுத்த கிரெடிட் கார்டு

ராயபுரத்தில் கடல் காற்று திரும்பினால் கொடியில் காயும் துணிகூட மீன் வாடை அடிக்கும். ஆனால் அன்றைக்கு அந்தக் கவரைப் பிரித்ததும் வந்தது புது பிளாஸ்டிக் வாசனை...

என் முதல் கிரெடிட் கார்டு!

காலேஜில் இரண்டாம் வருஷம். என் கல்யாணத்துக்கென்று அப்பா பேங்க்கில் போட்டு வைத்திருந்த டெபாசிட்டைக் காட்டி வாங்கிய ஸ்டூடன்ட் கார்டு. நான் பணம் கட்டாமல் விட்டால் பேங்க் அந்த டெபாசிட்டில் கை வைக்கும்.

அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஹார்பர் டூட்டிக்குப் போய்விட்டார். அம்மாதான் ஆரம்பித்தாள்.

"இன்னாடி ஷீலா, உனுக்கு இது தேவையா? பஸ் காசையே பத்திரமா வச்சிக்கத் தெரியாது. உன் கையில இதக் குடுத்தா டெபாசிட்டு கோயிந்தாதான். அப்பால உன் கல்யாணத்துக்கு நா எங்க போவேன்?"

அம்மா சும்மா பயப்படவில்லை. பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் கார்டில் டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் வாங்கினார். வசூல் ஆட்கள் வாசலில் நின்று கத்திய கத்தலில் குடும்பத்தோடு எண்ணூருக்கே போய்விட்டார். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவே.

எங்கள் வீட்டில் புதுசாக எது வந்தாலும் மாதா கோயிலுக்கு எடுத்துப்போய், ஃபாதர் தீர்த்தம் தெளித்து மந்திரித்த பிறகுதான் தொடுவோம். சைக்கிள், மிக்ஸி எல்லாமே அப்படித்தான்.

"நட. ஃபாதர் மந்திரிச்சா வச்சிக்கோ."

கிளம்பும் முன் கார்டின் பின்பக்கம் இங்க் பேனாவால் கையெழுத்துப் போட்டேன். பெருமைதான், வேறென்ன!

புதிதாக வந்திருந்த சின்ன ஃபாதர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கடன் வாங்குற கார்டும்மா... கடனை மந்திரிக்க ஜெபம் எதுவும் இல்லையே."

அம்மா விடவில்லை. "கடலுக்குப் போற போட்டையெல்லாம் மந்திரிக்கிறீங்கல்ல ஃபாதர்? போனது பத்திரமா திரும்பி வரணும்னுதானே? இதுவும் அதேதான். போற காசு திரும்பி வரணும்."

ஃபாதர் சிரித்துவிட்டார். தீர்த்தத்தைத் தாராளமாகவே தெளித்தார்.

கிறிஸ்துமஸ் நெருங்கியது. பாரிஸ் கார்னரில் ஒரு ஜவுளிக்கடை. சுடிதார் எடுத்தேன். விலையைப் பார்த்தால் தலை சுற்றும். எப்படிக் கட்டப்போகிறேன் என்று யோசிக்கவே இல்லை... கார்டை நீட்டினேன்.

அப்போதெல்லாம் பில்லில் போடும் கையெழுத்தைக் கார்டில் இருப்பதோடு ஒத்துப் பார்ப்பார்கள். கேஷியர் கார்டைத் திருப்பினார். தீர்த்தம் பட்டு என் கையெழுத்து வெறும் நீலக் கறையாக இருந்தது.

"இன்னாம்மா இது? கார்டு உன்துதானா? வூட்ல பெரியவங்கள இட்டுனு வா, போ."

பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். விஷயத்தைக் கேட்ட அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். "மாதா கண்ணத் தொறந்துட்டாடி!"

நான் வேலைக்குப் போகும்வரை அந்தக் கார்டு அம்மாவின் பீரோவில் கிடந்தது. டெபாசிட் முழுசாக என் கல்யாணத்துக்கு வந்து சேர்ந்தது.

இப்போது நாங்கள் மணலி புதுநகரில். என் பையன் ஜோயலுக்கு காலேஜ் முதல் வருஷம். என் கார்டு கணக்கிலேயே தனக்கும் ஒரு கார்டு வேண்டும் என்றான். கொடுக்கலாமா, வேண்டாமா... எனக்குத் தூக்கமே போச்சு.

"யம்மா, என் மேல நம்பிக்க இல்லியா?"

ஓகே கொடுத்துவிட்டேன்.

கார்டு வந்தது. நான் மட்டும் சும்மா இருப்பேனா? கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். "அய்ய, இன்னாம்மா நீ" என்று நெளிந்துகொண்டே நின்றான்.

தீர்த்தம் தெளித்தார்கள். தண்ணீர் உருண்டு தரையில் விழுந்தது. அழிவதற்கு அந்தக் கார்டில் கையெழுத்தே இல்லை. டி-ஷர்ட்டில் ஒரு துடை துடைத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

இப்போது மெஷின் மேல் காட்டினால் போதும். "உன்துதானா?" என்று எந்தக் கேஷியரும் திருப்பிப் பார்க்க மாட்டார்.

அவன் செலவு செய்தால் மெசேஜ் என் போனுக்குத்தான் வரும்.

இதை எழுதும்போதே போன் ஒருமுறை சத்தம் போட்டது. இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை...