மூன்று முறை கழற்றிய இன்ஜெக்டர்

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். என் பழைய டீசல் கார் ஒரே மாதத்தில் மூன்று முறை கரும்புகை கக்கி நின்றது. மெக்கானிக் கரீம் பாய் மூன்று முறையும் இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினார். மூன்றாம் முறை ஏதோ கேட்க வாயெடுத்தார். நான் விடவில்லை. "உங்களுக்கு வேலை தெரியுமா, தெரியாதா?" என்று பட்டறையில் நாலு பேர் முன்னால் கத்திவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் மூச்சுத்திணறிய மகளை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது, விரிஞ்சிபுரம் அருகே கார் படுத்துவிட்டது. மெட்ராஸுக்குத் தோல் ஏற்றிப்போன லாரிக்காரர் ஒருவர்தான் அவளையும் என் மனைவியையும் கொண்டுபோய்ச் சேர்த்தார். பிள்ளை பிழைத்தாள்.

கொதித்துப்போய் பாயைக் கார் நின்ற இடத்துக்கே கூட்டிவந்தேன். அவர் இந்த முறை இன்ஜெக்டரைத் தொடவில்லை. டேங்க்கின் அடி பிளக்கைத் திறந்து, டீசலை உள்ளங்கையில் பிடித்து முகர்ந்தார்.

"இன்னா சார், மீன் வாடை அடிக்குது? இன்ஜெக்டர் வாயில பிசின் மாதிரி ஒட்டிக்கினு இருந்துச்சு. டீசல் எங்க புடிக்கிறீங்கன்னு அன்னிக்கே கேக்க வந்தேன்."

தட்டுப்பாட்டுக்குப் பயந்து நான் வீட்டில் டீசல் சேர்த்துவைத்துக் காருக்கு ஊற்றிவந்த டிரம், தொழிற்சாலையில் தோலை மிருதுவாக்கப் போடும் மீன் எண்ணெய் வந்த காலி டிரம். கழுவிவிட்டதாக நினைப்பு. நாள் முழுக்க அந்த வாடையிலேயே நிற்கிற என் மூக்குக்கு அது தெரியவே இல்லை.

டிரம்மை ஒழித்துவிட்டேன். பங்க்கில் எவ்வளவு வரிசை இருந்தாலும் நின்று, நேராக டேங்க்கில் போடுகிறேன். வண்டி மக்கர் செய்தால், பாய் கேட்டு முடிக்கும்வரை வாயைத் திறப்பதில்லை.